தண்ணீர்க் குழாயில் மக்னீசியம் கலக்கும் கருவி: ஒரு சீசன் ஓட்டிப் பார்த்ததில்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் ஒன்று நவம்பர் மாதத்துக்காகப் போட்டது. அந்தக் கதை கடைசியில் வரும்.

நியூசிலாந்தின் தெற்கே சவுத்லேண்டில், வின்டன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் மந்தை மேலாளராக இருக்கிறேன். 380 மாடு, பெரும்பாலும் ஃப்ரீசியனும் ஜெர்சியும் கலந்த கலப்பு. சொந்த ஊர் காங்கயம் பக்கம். எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல நெற்றும் தின்று திரிந்த மாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே கணுக்காலை மூடிக் கிடக்கும் பசும்புல்லை வயிறு முட்டத் தின்றே மாடு வலிப்பு வந்து சாகும் என்று யாராவது சொல்லியிருந்தால் முதல் வருடம் சிரித்திருப்பேன். இது ஏழாவது வருடம். சிரிப்பதில்லை.

இங்கே பண்ணை வேலைக்கு வந்திருக்கும் நம் பையன்கள் மூன்று பேர் ஒரே மாதத்தில் "அண்ணா, அந்தத் தண்ணீர்க் கருவி வாங்கச் சொல்லலாமா?" என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் போனில் பேசுவதற்குப் பதில் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கருவியின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் போடவில்லை. இதே மாதிரிக் கருவியைப் பல கம்பெனிகள் செய்கின்றன, உள்ளே எல்லாம் ஒரே விஷயம்தான். நான் சொல்லப்போகும் பெரிய குறை எந்தக் கம்பெனியைச் சேர்ந்ததும் அல்ல.

முதலில் எதற்காக இந்த வம்பு என்று சொல்லிவிடுகிறேன். மேய்ச்சல் மாட்டுக்கு ரத்தத்தில் மக்னீசியம் குறைந்தால் வரும் நோயை இங்கே 'ஸ்டாகர்ஸ்' என்கிறார்கள். தள்ளாட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடு காதை விறைத்துக்கொள்ளும். தோல் துடிக்கும். சேற்றில் நடப்பதுபோலக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். பரம சாதுவான மாடு நாயைத் துரத்தும். அப்புறம் விழும். விழுந்த பிறகு கையில் இருப்பது மணிக்கணக்கு அல்ல, பல சமயம் நிமிடக் கணக்கு.

உடம்பில் இருக்கும் மக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பில்தான் கிடக்கிறது. ஆனால் அவசரத்துக்கு அது வெளியே வராது. சுண்ணாம்புச் சத்துக்காவது ஒரு ஏற்பாடு உண்டு, கொஞ்சம் தாமதமானாலும் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். மக்னீசியம் விஷயத்தில் மாடு அன்றாடங்காய்ச்சி. இன்று உள்ளே போனதுதான் இன்றைக்கு. நேற்று இரண்டு மடங்கு கொடுத்தேன், இன்று விட்டுவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இங்கே பருவம் தலைகீழ், ஜூலை குளிர்காலம், செப்டம்பர் வசந்தம். எங்கள் செப்டம்பர் மாதப் புல்லைப் பரிசோதனைக்கு அனுப்பியதில் மக்னீசியம் 0.18 சதவீதம் வந்தது. ஒரு மாடு நாளைக்கு உலர் எடையில் 15 கிலோ தின்றால் 27 கிராம் மக்னீசியம் உள்ளே போகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வேகமாக வளரும் இளம்புல்லில் பொட்டாசியமும் நைட்ரஜனும் அதிகம், நார் குறைவு. அசைபோடும் வயிற்றிலேயே பொட்டாசியம் மக்னீசியத்துக்குக் கதவைச் சாத்திவிடும். மோசமான நாளில் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் ஒட்டும், அதாவது 2.7 கிராம். இன்னொரு பக்கம் லிட்டர் பாலுக்கு 0.12 கிராம் வீதம், 22 லிட்டர் கறந்தால் 2.6 கிராம் பாலோடு போய்விடுகிறது. மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். அதற்குள்தான் மற்ற எல்லாச் செலவும்.

அதனால் ஆகஸ்ட் தொடக்கத்தில் கன்று போடும் பருவம் ஆரம்பிக்கிறது என்றால், அதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே மக்னீசியம் கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும். மக்னீசியம் குறைந்த மாட்டுக்கு எலும்பிலிருந்து சுண்ணாம்பை இறக்கும் வேலையும் சரியாக நடக்காது, கன்று போட்டதும் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து மாடு படுத்துவிடுகிற பால் காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். மாட்டு டாக்டரம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கும் இலக்கு மாட்டுக்கு நாளைக்கு 20 கிராம் மக்னீசியம், புல்லில் இருப்பது போக.

கருவி வருவதற்கு முன் ஐந்து வருடமும் பொடிதான். மக்னீசியம் ஆக்சைடு, வெள்ளை மாவு மாதிரி இருக்கும். எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேல் மக்னீசியம். குவாட் பைக்குக்குப் பின்னால் தூவும் டப்பாவைக் கட்டி, மாட்டைத் திறந்துவிடுவதற்கு முன் அன்றைய புல்லின் மேல் தூவிக்கொண்டே போக வேண்டும். பனி ஈரம் இருக்கும்போது தூவினால் ஒட்டும். காற்று அடித்தால் பாதி பக்கத்துப் பண்ணைக்கு, மீதியில் பாதி என் மூக்குக்கு. முகமூடி போட்டாலும் இரவு மூக்கைச் சிந்தினால் வெள்ளையாக வரும். தினமும் ஒரு மணி நேரம் அதற்கே போய்விடும். கன்று போடும் பருவத்தில் ஒரு மணி நேரம் என்பது தூக்கத்திலிருந்து எடுப்பது.

இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் கருவியின் மேல் ஆசை வந்தது. விற்க வந்தவர் "இனிமேல் பொடி டப்பாவை வித்துடலாம்" என்றார். முதலாளிக்கு அரை மனசு. நான்தான் இரண்டு மாதம் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்தேன். பொருத்தும் கூலியோடு ஒரு நல்ல கறவை மாட்டின் விலை ஆனது. முதலாளி காசு, என் பேச்சு. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

கருவி உண்மையில் அழகானது. மின்சாரம் வேண்டாம். போர்வெல்லில் இருந்து பேடக்குகளுக்கு, அதாவது வேலி போட்டுப் பிரித்த மேய்ச்சல் வயல்களுக்குப் போகும் பெரிய குழாயின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஓடும் வேகத்திலேயே உள்ளே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கும், ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பக்கத்தில் இருக்கும் 200 லிட்டர் டிரம்மிலிருந்து கரைசலை உறிஞ்சிக் குழாயில் விடும். அதிகத் தண்ணீர் ஓடினால் அதிகக் கரைசல், ஓட்டம் நின்றால் கரைசலும் நிற்கும். டக், டக் என்று ஒரு சத்தம். எங்கேயோ ஒரு தொட்டியில் மாடு குடிக்கிறது என்பது பம்ப் கொட்டகையில் நின்றாலே காதுக்குத் தெரியும். முதல் வாரம் முழுவதும் டீ டம்ளரோடு போய் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிரம்மில் ஆக்சைடைப் போட முடியாது, அது தண்ணீரில் கரையாது. கரைகிற உப்புத்தான் வேண்டும். ஒன்று மக்னீசியம் சல்பேட், எப்சம் உப்பு, நம்மூர் பேதி உப்பு. இன்னொன்று மக்னீசியம் குளோரைடு, செதில் செதிலாக 25 கிலோ மூட்டையில் வரும். நாங்கள் குளோரைடு. மூட்டையைப் பிரித்து ஒரு இரவு விட்டால் காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் இழுத்துக் கூழாகிவிடும். இரும்பை அரிக்கும். கொட்டகைத் தாழ்ப்பாள் ஒரே சீசனில் பாசிப்பயறு உமி மாதிரி உதிர்ந்தது. கையில் வெடிப்பு இருந்தால் அதுவும் தெரியும்.

பொருத்த வந்த ஆள் அவசரக்காரர். அவர் செய்த வேலை நான்கு நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. வீட்டில் காபி கசந்தது. முதல் நாள் தூளை மாற்றினோம். இரண்டாம் நாள் பால் கெட்டுவிட்டதோ என்று பார்த்தோம். பால் பண்ணையில் வேலை செய்கிறவன் வீட்டுப் பால்! மூன்றாம் நாள் மனைவி என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான்காம் நாள் சாம்பாரும் கசந்து, வயிறும் ஒரு மாதிரி ஆனபோதுதான் மண்டையில் உறைத்தது. வீட்டுக்குக் குழாய் பிரிகிற இடத்துக்கு முன்னாலேயே கருவியைப் பொருத்தியிருக்கிறார். மாட்டுக்குப் போட்ட மக்னீசியத்தில் எங்கள் குடும்பத்துக்கும் பங்கு. மறுபடி வந்து மாற்றிக் கொடுத்தார், காசு கேட்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வாங்குகிறவர்கள் இதை முதல் நாளே பாருங்கள். வீடு, பால் கொட்டகை இரண்டுக்கும் கிளை பிரிந்த பிறகுதான் கருவி. தண்ணீர் பின்னோக்கி வராமல் இருக்க ஒரு வால்வும் அவசியம்.

மாட்டுக்கும் கசப்புப் பிடிக்காது. முதல் நாளே முழு அளவு போட்டால் தொட்டியை மோந்துவிட்டுப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் மெதுவாக ஏற்றினோம். முழு அளவு மாட்டுக்கு நாளைக்கு 60 கிராம். 380 மாட்டுக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை. ஒரு மூட்டை ஒரு டிரம்மில், ஒரு டிரம் ஒரு நாளைக்கு. சாயங்காலம் கரைத்து ஊற்றும் வேலை பிலிப்பைன்ஸ் பையன் ஒருவனுடையது. ஊற்றுவதற்கு முன் எந்த அளவுக்கு இறங்கியிருக்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதச் சொல்லியிருந்தேன். ஒழுங்கான பையன், ஒரு நாள் விடாமல் போட்டான்.

ஆகஸ்ட் பிரமாதமாகப் போனது. காலையில் உறைபனி, பகலில் வெயில், மழை இல்லை. டிரம் தினமும் அடிவரை இறங்கியது. கன்று போட நெருங்கிய மாடுகளில் பத்துக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார் டாக்டரம்மா, பத்தும் சரியாக இருந்தன. முதலாளி என் முதுகில் தட்டினார். பொடி டப்பாவைக் கழுவிப் பரணில் போட்டேன்.

இப்போது யோசித்தால் அங்கேதான் தப்பு. அந்தப் பத்து மாடும் வைக்கோலும் சைலேஜும் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த புல்) தின்றுகொண்டிருந்த மாடுகள். காய்ந்த தீனி தின்றால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடிக்கும். போதாததற்கு அந்தத் தீனியின் மேல் பழைய வழக்கப்படி ஆக்சைடும் கலந்துதான் போட்டுக்கொண்டிருந்தோம். நல்ல பேர் எல்லாம் கருவிக்குப் போனது. கன்று போட்டுக் கறவைக்கு வந்த மாடுகளுக்கோ வெறும் புல், கருவித் தண்ணீர், அவ்வளவுதான். இன்னொரு கணக்கும் அப்போதே போட்டிருக்கலாம். அந்த 60 கிராம் குளோரைடில் மக்னீசியம் 12 சதவீதம், அதாவது 7 கிராம் சொச்சம். இலக்கு 20. மருத்துவமனை கொடுத்த தாளிலேயே தண்ணீரை மட்டும் நம்ப வேண்டாம் என்று இருந்தது. படித்தேன். தாளை ஃபிரிட்ஜில் ஒட்டியும் வைத்தேன்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் தெற்கேயிருந்து காற்று திரும்பியது. இங்கே அந்தக் காற்றை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அண்டார்டிகாவுக்கும் நமக்கும் நடுவில் கடலைத் தவிர வேறு மறைப்பு இல்லாத இடம். மூன்று நாள் மழை, நடுநடுவே ஆலங்கட்டி. மாடுகள் வேலி ஓரத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன, சரியாக மேயவும் இல்லை. நாங்கள் காலை நாலு மணிக்கு எழுந்து இரவு ஏழு வரை பிறந்த கன்றுகளை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தோம். மக்னீசியம் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அதற்குத்தான் கருவி இருக்கிறதே.

நாலாம் நாள் காலை நாலரைக்கு மாட்டை ஓட்டிவரப் போனேன். வாசல் பக்கமே 214 கிடந்தது. எட்டு வயசு, ஜெர்சி ரத்தம் அதிகம், காதுவில்லை பாதி கிழிந்திருக்கும், தினமும் மந்தைக்கு முன்னால் நடந்து வருகிற மாடு. பக்கவாட்டில் விழுந்து நாலு காலும் துடுப்புப் போடுவதுபோல அடித்துக்கொண்டிருந்தது. கால் அடித்த இடத்தில் சேறு பிறை வடிவத்தில் வாரியிருந்தது. எவ்வளவு நேரம் அடித்திருந்தால் அந்த ஆழம் வரும் என்று இன்றும் சில நேரம் யோசிப்பேன். வாயில் நுரை, இமை படபடவென்று துடித்தது. பைக்கை அணைத்தேன். சத்தமும் வெளிச்சமும் பட்டால் வலிப்பு இன்னும் கூடும். 20 சதவீத மக்னீசியம் சல்பேட் 400 மில்லி, தோளுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஏற்றினேன். இதை ரத்தக்குழாயில் ஏற்றக் கூடாது, இதயம் நின்றுவிடும். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் வருவதற்குள் 214 போய்விட்டது.

அன்று காலை மட்டும் இன்னும் இரண்டு மாடு. ஒன்று கறவைக் கொட்டகை வாசலில் காதை நிமிர்த்திக்கொண்டு நடுங்கி நின்றது, இன்னொன்று என் பைக்கையே முட்ட வந்தது. இரண்டும் நின்றுகொண்டிருந்ததால் பிழைத்தன. விழுவதற்கு முன் பிடித்தால் காப்பாற்றிவிடலாம், அது ஒன்றுதான் இந்த நோயில் நமக்குக் கிடைக்கும் சலுகை.

கறவை முடிந்ததும் நேராகப் பம்ப் கொட்டகைக்குப் போனேன். கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். யாரைத் திட்டுவது என்றுகூட மனசுக்குள் வரிசை போட்டாகிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தால் டக், டக் என்று ஒழுங்காக அடிக்கிறது. வடிகட்டி சுத்தம். கரைசலும் சரியான அளவு. அப்புறம்தான் டிரம்மைப் பார்த்தேன். முந்தின வாரக் கோடுகள் எல்லாம் அடியில், ஒன்றின் மேல் ஒன்று. மழை ஆரம்பித்த அன்று ஒரு சாண் இறங்கியிருந்தது. மறுநாள் நாலு விரல். அதற்கு மறுநாள் இரண்டு விரல். பையன் மூன்று கோட்டையும் போட்டுத் தேதியும் அழகாக எழுதியிருந்தான். டிரம் நிறைய இருந்ததால் புதிதாகக் கரைக்க வேண்டிய வேலை இல்லை என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருக்கிறான். கோடு போடச் சொன்னவன் நான். பார்க்காதவனும் நான்.

கருவி கெடவில்லை. மாடு தண்ணீர் குடிக்கவில்லை.

ஏன் குடிக்க வேண்டும்? வசந்த காலத்து இளம்புல்லில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். உலர் எடையில் 15 கிலோ தின்ன வேண்டுமென்றால் பச்சையாக 100 கிலோ தின்றாக வேண்டும். அதிலேயே 85 லிட்டர் தண்ணீர் வயிற்றுக்குள் போய்விடுகிறது. மேலே மழை, புல்லின் மேல் நிற்கும் ஈரம் வேறு. குளிரில் தாகமும் எடுக்காது. அப்படியே எடுத்தாலும் வாசல் பக்கம் குளம்பு பட்ட பள்ளம் எல்லாம் மழைத் தண்ணீர் நிற்கிறது, கசப்பு இல்லாத தண்ணீர். நம் தொட்டியைத் தேடி வர மாட்டுக்கு என்ன தலையெழுத்து.

இதுதான் இந்தக் கருவியின் உண்மையான குறை. குளிர், மழை, காற்று, மேய்ச்சல் தடைபட்ட வயிறு, பொட்டாசியம் ஏறிய இளம்புல், இத்தனையும் ஒன்றுசேரும் நாளில்தான் ஸ்டாகர்ஸ் அடிக்கும். அதே நாளில்தான் கருவி சும்மா நிற்கும். வெயில் அடிக்கிற நாளில் முழு அளவு கொடுக்கும், அன்று அவ்வளவு ஆபத்தும் இல்லை. வெயிலில் விரித்து மழையில் மடக்கிக்கொள்ளும் குடை மாதிரி.

அன்று மதியமே பரணிலிருந்து பொடி டப்பா இறங்கியது. ஆனால் கொட்டும் மழையில் பொடியும் புல்லில் நிற்காது, கழுவிக்கொண்டு போய்விடும். அளவை இரண்டு மடங்காக்கினாலும் எவ்வளவு வயிற்றுக்குள் போனது என்று உறுதி இல்லை. அதனால் சைலேஜ் வண்டியில் மொலாசஸோடு (சர்க்கரை ஆலைப் பாகு) ஆக்சைடைக் கலந்து, மாட்டுக்கு 60 கிராம் கணக்கில் வேலி ஓரம் வரிசையாகப் போட்டோம். கசப்பும் தெரியாது, காய்ந்த தீனி உள்ளே போனதால் தண்ணீரும் கொஞ்சம் குடிக்க ஆரம்பித்தன. நாலைந்து நாளில் அடங்கியது. அதற்குள் இன்னும் ஒரு மாட்டுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டது.

டாக்டரம்மா மந்தையில் எட்டு மாட்டுக்கு ரத்தம் எடுத்தார், ஐந்தில் மக்னீசியம் கீழே. திட்டவில்லை. புல் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்கி அதன் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். பொட்டாசியத்தை ஒரு பக்கமும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்து இன்னொரு பக்கமும் வைத்து வகுக்க வேண்டும், சதவீதத்தில் அல்ல, மில்லி ஈக்விவலன்ட் கணக்கில், அதாவது ஒவ்வொரு சத்தின் அணு எடையையும் மின்னேற்றத்தையும் சேர்த்துப் பார்க்கும் அளவில். விடை 2.2ஐத் தாண்டினால் ஆபத்து. நெதர்லாந்துக்காரர்கள் 1957லேயே கண்டுபிடித்த கணக்காம். எங்கள் தாளில் பொட்டாசியம் 3.8, கால்சியம் 0.5, மக்னீசியம் 0.18. விடை 2.4. அந்தப் பேடக் எது என்று கேட்டார். சாணிக்கழிவுத் தண்ணீரைப் பாய்ச்சும் பேடக்குகளில் ஒன்று. கழிவுநீரில் பொட்டாசியம் கொட்டிக் கிடக்கும். கன்று போடும் சமயத்தில் அங்கே மாட்டை விட்டதும் என் திட்டம்தான், கொட்டகைக்குப் பக்கம் என்பதால். அதனால் 214 கதையில் கருவியின் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று நட்சத்திரம் போடும்போது கொஞ்சம் தடுமாற்றம் இருந்தது. நவம்பர் நட்சத்திரம் போகக் கருவிக்கு ஒன்றுதான் போட்டிருப்பேன். அந்தப் பேடக் ஞாபகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

அந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது அப்பாவிடம் சொன்னேன். பேதி உப்புச் சொந்தக்கார உப்பைத் தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம் என்று விளக்கியதற்கே சிரித்தார். மழையில் மாடு குடிக்கவில்லை என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. "ஏங்கண்ணு, மழ பேஞ்சா மாடு தண்ணி குடிக்காதுன்னு இங்க மேய்க்கற பையனுக்கே தெரியுமே. வாங்கறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லொ." நான் "ஆமாங்கப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல. அவர் எதையும் தொட்டித் தண்ணீரில் கரைத்துவிட்டுப் போய்விட மாட்டார். தவிடு, புண்ணாக்கு, கல்லுப்பு எல்லாம் தாழியில் கையால் கலக்கி, மாடு நக்கி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். தவிட்டில் மக்னீசியம் தாராளமாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை. நாலு மாட்டுக்கு அது முடியும். 380க்கு முடியாது என்பதால்தானே இந்தக் கருவியே.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டுமானம் நல்ல தரம். எங்கள் போர்வெல் தண்ணீரில் இரும்புச் சேறு வரும், வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவியாக வேண்டும். ஜூலை உறைபனியில் உள்ளே தண்ணீர் உறைந்தால் கருவியின் கூடு வெடித்துவிடும், நான் தெர்மாகோல் பெட்டி செய்து சாக்கைச் சுற்றியிருக்கிறேன். சீல் செட் ஒரு முறை மாற்றினேன். கடையில் கையிருப்பு இல்லை, மூன்று வாரம் காக்க வைத்தார்கள். வாங்கும்போதே ஒரு செட் கூடுதலாக வாங்கி வையுங்கள். ஒரு தொட்டியில் மிதவை வால்வு ஒழுகினால் மருந்து எல்லாம் அங்கேயே போய்ச் சாக்கடையில் சேரும், டிரம் மட்டும் ஜோராக இறங்கும். கோடு சொல்வதை அப்போதும் அப்படியே நம்பக் கூடாது. தொட்டிகளை ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

யார் வாங்கலாம்? கறவை மாட்டுக்கும் தினமும் சைலேஜோ வைக்கோலோ போடுகிற பண்ணை, மழை குறைவான பக்கம், கான்டர்பரி சமவெளி மாதிரி இடம் என்றால் தாராளமாக வாங்கச் சொல்லலாம். இருக்கிற ஏற்பாட்டுக்கு மேல் ஒரு துணையாக இருக்கும். எங்கள் மாதிரிப் புல்லை மட்டும் நம்பி, மழை அதிகமான பக்கத்தில் கிடக்கிற பண்ணைக்கு இது மட்டும் போதும் என்று யாராவது சொன்னால், சொல்கிறவர் மழை நாளில் மாட்டைப் பார்த்ததில்லை. பொடி டப்பாவை விற்காதீர்கள். வயிற்றுக்குள் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும் மக்னீசியக் குண்டு பற்றியும் ஒரு தம்பி கேட்டான். நான் போட்டுப் பார்த்ததில்லை. எங்கள் முதலாளி விலையைக் கேட்டுவிட்டு அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

சரி, நவம்பர். புல்லோடு வளரும் க்ளோவர் என்ற தீவனச் செடி செழித்து வரும் மாதம், மாட்டுக்கு வயிறு உப்புசம் வரும் மாதம். முன்பெல்லாம் காலையும் மாலையும் ஒவ்வொரு மாட்டுக்கும் வாயில் மருந்து ஊற்றுவோம், தோள் கழன்றுவிடும். அந்த மருந்தை இதே கருவி வழியாகத் தொட்டிக்கு அனுப்பினோம். நவம்பரில் வெயில் வந்துவிடும், புல்லில் ஈரம் குறைந்துவிடும், கறவையும் உச்சத்தில் இருக்கும், மாடு தொட்டியை முற்றுகையிடும். டிரம் அடி வரை இறங்கியது. ஒரு மாடுகூட ஊதவில்லை. மூன்றாவது நட்சத்திரம் அதற்குத்தான். முதலாளியும் அந்த மாதம்தான் என்னிடம் பழையபடி பேச ஆரம்பித்தார்.

இந்த ஆகஸ்ட் மறுபடி குளோரைடைக் கரைக்க ஆரம்பித்திருக்கிறோம். பம்ப் கொட்டகைச் சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். கோடு ஒரு முழத்துக்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்று ராத்திரியே சைலேஜில் ஆக்சைடு கலக்க வேண்டும், யாரையும் கேட்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பையன் அதைத் தகலாக்கில் கீழே எழுதிக்கொண்டான். முழம் என்றால் எவ்வளவு என்று கேட்டான். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை காட்டினேன். அவன் கை என் கையைவிடக் குட்டை. அதனால் டிரம்மிலேயே சிவப்புப் பெயின்ட்டில் ஒரு பட்டை அடித்துவிட்டேன்.